அனக்கல்லே

“அனக்கல்லே… அனக்கல்லே…”

அசைக்காதே என்கிறாள். ஐம்பது வருஷமாக என் காதுக்குள் சொல்லிக்கொண்டே இருக்கிறாள்.

திருவனந்தபுரம், வழுதக்காடு, விமன்ஸ் காலேஜின் கெமிஸ்ட்ரி லேப். 1976 டிசம்பர். நான் பிரீ டிகிரி இரண்டாம் வருஷம், செகண்ட் குரூப். கிப்ஸ் அப்பாரட்டஸிலிருந்து வரும் அழுகின முட்டை நாற்றம் தாவணியில் ஏறி வீடுவரை கூடவே வரும். குளிச்சிட்டுத்தான் அடுக்களைக்குள்ள வரணும் என்று அம்மை வாசலிலேயே நிறுத்துவாள். அந்த நாற்றத்துக்கு நடுவில் நான் டெஸ்ட் டியூபைச் சாய்த்துப் பிடித்திருக்கிறேன். உள்ளே உப்புக் கரைசல், அப்போதே கரைத்த ஃபெரஸ் சல்பேட். அதன் மேல் அடர்ந்த கந்தக அமிலத்தைக் கண்ணாடியின் உள்பக்கத்தை ஒட்டிச் சொட்டுச் சொட்டாக இறக்கவேண்டும். அமிலம் கனமானது, நேராக அடியில் போய் உட்காரும். இரண்டும் சேரும் இடத்தில் முதலில் ஒன்றும் தெரியாது. பிறகு புகை படிந்த மாதிரி. பிறகு, பழுப்பாக, மெல்லிசாக, ஒரு வளையம். அது வந்தால் உப்பில் நைட்ரேட் இருக்கிறது. கை கொஞ்சம் நடுங்கினாலும் கலைந்துவிடும்.

அதற்குத்தான் அந்த அனக்கல்லே. என் பக்கத்தில் நின்ற லேப் கூட்டாளி, மலையாளத்துக்காரி, தன் மூச்சையும் பிடித்துக்கொண்டு சொல்வாள். என்னைவிட உயரம். எண்ணெய் வழியும் ஈரத்தலை, நுனியில் ஒரு முடிச்சு. அவள் குரல் இப்போது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. உயிரோடு இருக்கிறாளா என்பதும் தெரியாது. எனக்குத் தெரிந்த அவளுக்கு இன்றும் பதினேழு வயது.

அப்பாவுக்குச் சாலைக் கம்போளத்தில் நாட்டு மருந்துக்கடை. ராஜா கேசவதாசர் திவானாக இருந்த காலத்தில் உண்டான கம்போளம் என்பார்கள். அதில் தலைமுறை தலைமுறையாகத் தமிழ்க்காரர்களின் கடைகள். எங்கள் கடையில் எல்லாவற்றுக்கும் இரண்டு பெயர். நாகர்கோவில்காரர் வந்து கேட்டால் வெட்டிவேர், நெய்யாற்றின்கரைக்காரர் வந்து கேட்டால் ராமச்சம். அதிமதுரம், இரட்டிமதுரம். ஆடாதொடை, ஆடலோடகம். எனக்கும் இரண்டு பெயர். ஆட்கள் நிற்கும்போது மோளே, வீட்டுக்குள் மக்கா.

ஸ்கூல் விட்டுக் கடைக்குப் போனால் அப்பா என் கண்ணைப் பொத்துவார். அவர் விரல்களில் எப்போதும் வசம்பு வாசம். மூக்குக்குக் கீழே எதையாவது நீட்டி, “சொல்லு பாப்போம் மக்கா, இது என்ன?” என்பார். சுக்கு. திப்பிலி. சிற்றரத்தை. தப்பாகச் சொன்னால் நாக்கில் கொஞ்சம் வைப்பார். ஒரு வேரை முகர்ந்தே எந்த மலையிலிருந்து வந்தது என்று சொல்லக்கூடியவர் அவர். அது எப்படி என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அந்த ‘எப்படி’யைத் தெரிந்துகொள்ளத்தான் நான் கெமிஸ்ட்ரி படிக்கப் போனேன். பெரிய லட்சியம் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். அப்பாவுக்குத் தெரிந்தது எனக்கும் தெரியவேண்டும், அவருக்குத் தெரியாததும் கொஞ்சம் தெரியவேண்டும், அவ்வளவுதான்.

ஒருநாள் கடை ஜாடியிலிருந்து ஒரு சிட்டிகை வெடியுப்பைத் தாளில் மடித்து லேபுக்குக் கொண்டுபோனேன். லெக்சரருக்குத் தெரியாமல் நானும் அவளும் சோதித்தோம். வளையம் வந்தது. அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்ல? எங்கள் கடை மரஅலமாரியில் நான் பிறந்ததிலிருந்து பார்த்த வெள்ளைத் தூள், கண்ணாடிக்குழாய்க்குள் எழுந்து நின்று தன் பெயரைச் சொன்ன மாதிரி இருந்தது.

அன்று சாயங்காலம் அப்பாவிடம் சொன்னேன். தராசுத்தட்டைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

“அது வெடியுப்புன்னு எங்க அப்பனுக்கே தெரியும் மக்கா. ஆனா உள்ள ஒரு மோதிரம் இருக்குன்னு இப்பத்தான் கேக்கேன். எங்க, காட்டு?”

“கையில கொண்டுவர முடியாதுப்பா. ஆடினா போயிரும். பரீட்சை முடியட்டும், மேடத்துக்கிட்ட கேட்டு உங்களை லேபுக்கே கூட்டிட்டுப் போறேன்.”

“பரீட்சை முடியட்டும்” என்று அவரும் சொன்னார்.

தை பிறந்ததும் வரன் வந்தது. பிலாய் உருக்காலையில் வேலை, கம்பெனி குவார்ட்டர்ஸ், நாகர்கோவில் பக்கம் சொந்தம், எதுவும் கேட்காத குடும்பம். எனக்குக் கீழே இரண்டு தங்கைகள். மாப்பிள்ளைக்கு லீவு இருபத்தைந்து நாள். கணக்கு எல்லோருக்கும் சரியாக வந்தது. ‘பரீட்சையைப் பிறகு பிரைவேட்டா எழுதிக்கிடலாம்’ என்று ஒருவர் சொன்னார், மற்றவர்கள் தலையாட்டினார்கள். அம்மை என் தலையைப் பின்னிக்கொண்டே சொன்னாள்: “எனக்குப் பதிமூணு வயசு. உனக்கு நாலு வருசம் கூடுதலா குடுத்திருக்கு.” அவள் அதை ஒரு கொடையாகவே சொன்னாள். அவளிடம் இருந்ததைவிட அதிகம்தான் கொடுத்திருக்கிறாள், அதில் பொய்யில்லை.

வலியசாலை வீட்டு முன்னால் பந்தல். இந்திரா காந்தி தேர்தல் அறிவித்துப் பத்து நாள்கூட ஆகவில்லை. எமர்ஜென்சி அறிவித்த பிறகு வரும் முதல் தேர்தல் என்பதால் பந்தியில் ஆண்கள் அதை மட்டுமே பேசினார்கள். என்னிடம் ‘சம்மதமா’ என்று யாரும் கேட்கவில்லை என்று எழுதத் தோன்றுகிறது. ஆனால் அது உண்மையில்லை. அப்பா கேட்டார். முதல்நாள் ராத்திரி கிணற்றடியில் நின்று, “மக்கா, உனக்கு ஒண்ணும் வருத்தம் இல்லையே?” என்றார். இல்லை என்றேன். பதினேழு வயதில் வேறு என்ன சொல்லத் தெரியும்? இல்லை என்று சொன்ன அந்தக் குரலை நான் அவ்வளவு தேடுகிறேன். அதன் கையைப் பிடித்து, கொஞ்சம் பொறு, உடனே பதில் சொல்லாதே, இன்னும் ஒரு நிமிஷம் யோசி என்று சொல்லவேண்டும் போல இருக்கிறது.

அன்று அது சட்டவிரோதமும் இல்லை. 1949-லிருந்து பெண்ணுக்குப் பதினைந்து ஆனால் போதும் என்றுதான் சட்டம் இருந்தது. அதைப் பதினெட்டு ஆக்கியது 1978-ல். எனக்கு ஒன்றரை வருஷத்துக்கு மேல் பிந்தி வந்தது. முன்னாலேயே வந்திருந்தாலும் ஏழு மாசம்தான் கூடுதலாகக் கிடைத்திருக்கும், ஆகஸ்டில் எனக்குப் பதினெட்டு முடிந்திருக்கும். ஏழு மாசத்தில் என்ன ஆகிவிடும் என்று நினைப்பீர்கள். அந்த ஏழு மாசத்துக்குள் பரீட்சை இருந்தது.

என் கணவர் நல்லவர். இதைச் சொல்லாமல் மேலே எழுதினால் நான் பொய்க்காரி. ஒருநாளும் கை ஓங்கியதில்லை, ஒன்றும் மறுத்ததில்லை. எனக்கு ஹிந்தி சொல்லிக்கொடுத்தார், சைக்கிள் ஓட்டச் சொல்லிக்கொடுத்தார். பிலாயில் ராத்திரி கசடு கொட்டும்போது வானம் முழுக்கச் சிவந்து, குவார்ட்டர்ஸ் சுவரெல்லாம் செம்பு நிறமாகும். அதில் என்னென்ன சேர்ந்திருக்கும் என்று கேட்டால், மறுநாள் வேலையிடத்தில் யாரிடமாவது விசாரித்து வந்து சொல்வார். சிலிக்கா, சுண்ணாம்பு, அலுமினா. நான் கேட்டுக்கொள்வேன். ஒருமுறை அவரே பிரைவேட் பரீட்சைக்கு விண்ணப்பம் எழுதி வாங்கினார். அப்போது எனக்கு எட்டாவது மாசம். சயன்ஸுக்கு லேப் வேண்டும், பிரைவேட்டாக முடியாது, ஆர்ட்ஸ் எழுதலாம் என்றார்கள். நான் எழுதவில்லை. அவர் தப்பு ஒன்றுமில்லை. யார் தப்பும் இல்லை. யார் மேலாவது இருந்திருந்தால் இவ்வளவு காலம் இதைச் சுமந்திருக்க மாட்டேன் என்று நினைக்கிறேன். கோபப்பட ஒரு முகம் கிடைத்தால் மனசு எங்காவது போய் இறங்கிவிடும்.

விட்டுவந்தது படிப்பை மட்டும்தான் என்றால் இத்தனை வயதில் இப்படி எழுதிக்கொண்டிருப்பேனா?

கிழக்கேகோட்டையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது பத்மதீர்த்தக் குளத்துப் பக்கமிருந்து வரும் மேத்தன் மணியோசை. மணி அடிக்கும்போது கடிகாரத்தின் மேலிருக்கும் தாடிக்காரன் வாயைத் திறக்க, இரண்டு ஆடுகள் ஓடிவந்து அவன் கன்னத்தில் முட்டும். வெள்ளிக்கிழமைகளில் அதைப் பார்ப்பதற்காகவே ஒரு பஸ்ஸை விடுவோம். காலையில் சாலைக் கடைகள் ஒவ்வொன்றாகப் பலகை கழற்றும் ஓசை. ஒவ்வொரு பலகைக்கும் ஒரு எண் உண்டு. அப்பா கடையில் பதினொன்று. படுக்கையில் இருந்தே எண்ணுவேன்… ஒன்பது, பத்து, பதினொன்று, எழுந்துவிடுவேன்.

ஓசையில்லாத ஒன்றுக்காகவும் ஏங்குகிறேன். ஆறாட்டுக்கு முந்தின ராத்திரி பள்ளிவேட்டை. பத்மநாபசுவாமியின் பரிவாரம் வேட்டைக்குப் புறப்படும்போது மேளம் கிடையாது, கூப்பாடு கிடையாது. அத்தனை ஆயிரம் பேர் தெருவில் நடக்க, காலடிச் சத்தமும் தீவட்டி எரியும் சத்தமும் மட்டும் கேட்கும். சின்ன வயதில் அப்பா தோளில் உட்கார்ந்து, அவர் தலைமுடியைப் பிடித்துக்கொண்டு, இருமல் வந்தாலும் அடக்கிக்கொண்டு பார்த்தேன். இப்போது நாங்கள் இருக்கும் கோயம்புத்தூர் ஃபிளாட்டில் ஜன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி போட்டிருக்கிறான் மகன். சாத்தினால் ரோட்டுச் சத்தம் ஒன்றும் வராது. நல்ல பிள்ளை, அம்மாவுக்குத் தூக்கம் கெடக்கூடாது என்று பார்த்துப் பார்த்துச் செய்திருக்கிறான். ஆனால் அந்த அமைதியில் யாரும் என்னோடு சேர்ந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பதில்லையே.

நவராத்திரிக்குப் பத்மநாபபுரத்திலிருந்து யானை மேல் சரஸ்வதி வருவாள். கம்பர் வணங்கிய அம்மன் என்பது ஐதீகம். கூடவே சுசீந்திரத்து முன்னூற்றுநங்கை, வேளிமலைக் குமாரசுவாமி. எல்லை தாண்டி, களியக்காவிளை வழியாக வருகிற அவர்களில் குமாரசுவாமி தங்குவது எங்கள் பக்கத்து ஆரியசாலைக் கோயிலில். அந்தப் பத்து நாளும் அப்பா கடையைச் சீக்கிரம் சாத்திவிடுவார். ‘நம்ம ஊர்ப்பிள்ளை வந்திருக்கான்’ என்பாள் ஆச்சி, அவள் வேளிமலைப் பக்கத்துக்காரி. விழா முடிந்ததும் மூவரும் வந்த வழியே ஊர் திரும்புவார்கள். கல்யாணத்துக்குப் பிறகு ஒரு நவராத்திரிக்குக்கூட நான் திருவனந்தபுரத்தில் இருந்ததில்லை. பிலாயில் பிள்ளைகளுக்கு மேமாச லீவுதான் நீளம். சாமிகள் வருஷம் தவறாமல் திரும்பி வருவதை, கண் காணாத தூரத்தில் இருந்து நாள் எண்ணிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தச் சரஸ்வதியை வைக்கும் நவராத்திரி மண்டபத்தில் 2006-ல் முதல்முறையாக ஒரு பெண் பாடினார். பாறசாலை பொன்னம்மாள். எண்பதைக் கடந்த வயது. இன்றைய ஸ்வாதி திருநாள் சங்கீதக் கல்லூரி தொடங்கிய காலத்தில் அதில் முதல் பெண்ணாகச் சேர்ந்தவர். பேப்பரில் படித்துவிட்டு அடுக்களையில் நின்று அழுதேன். சந்தோஷத்தில்தான். ஆனால் முழுக்கச் சந்தோஷம் என்று சொல்ல முடியாது. அத்தனை காலம் பூட்டிக் கிடந்த கதவு திறந்தபோது, அவர் குரல் தயாராக இருந்தது. அறுபது எழுபது வருஷம் அதை விடாமல் வைத்திருந்தார். எனக்கு நாளைக்கே ஒரு கதவு திறந்தால் எதை எடுத்துக்கொண்டு உள்ளே போவேன்?

ஹெப்சிபா ஜேசுதாசனின் ‘புத்தம் வீடு’ 1964-ல் வந்தது. எங்கள் ஊரில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்தவர் எழுதிய நாவல். நான் அதைப் படித்தது பிலாயில், நாற்பது வயதில். வயது வந்ததும் நாயகி லிஸியைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தி வீட்டுக்குள் வைத்துவிடும் இடம் வந்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். அப்புறம் படிக்க ஒரு வாரம் ஆனது. பேர் போட்டுக்கொள்ள ஏதுமில்லாத ஒரு வருத்தம் நமக்கு மட்டும்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருப்போம், இல்லையா? உங்களுக்கும் எங்காவது ஒரு லேப் இருக்கும், ஒரு தையல் வகுப்போ டைப்ரைட்டிங் வகுப்போ இருக்கும், பாதி எழுதின நோட்டு இருக்கும். அதைப் பற்றிப் பேசினால் கட்டினவருக்கும் பெற்ற பிள்ளைகளுக்கும் செய்கிற துரோகம் போல ஆகிவிடுமோ என்று, வாய் வரை வந்ததை விழுங்கியிருப்பீர்கள். நானும் விழுங்கினேன். என் பிள்ளைகள் இல்லாத ஒரு வாழ்க்கையை நான் கேட்கவில்லை. அதை எப்படிக் கேட்பேன்? அவர்கள் கொஞ்சம் பிந்திப் பிறந்திருக்கலாம்… அதைக்கூட முழுசாக நினைக்க மனசு வரமாட்டேன் என்கிறது.

எல்லாவற்றையும்விட அதிகம் வலிப்பது இன்னொன்று. பதினேழு வயதில் வீட்டை விட்டுப் போகிறவளுக்கு அப்பாவை ஒரு பிள்ளையின் கண்ணால் மட்டுமே தெரியும். அவரும் ஒரு ஆள், அவருக்கும் பயம் இருக்கும், அவமானம் இருக்கும், கடன் இருக்கும் என்று கண்டுகொள்கிற வயதில் நான் அங்கே இல்லை. பிலாயிலிருந்து வண்டி மாறி மாறி ஊர் வந்து சேர மூன்று நாள். வருஷத்துக்கு ஒருமுறை, மிஞ்சிப்போனால் இருபது நாள். அதிலும் பாதி நாகர்கோவிலில். அவர் இறந்தது 1994-ல். அந்தப் பதினேழு வருஷத்தில் அப்பாவோடு நான் இருந்த நாட்களைக் கூட்டிப் பார்த்தேன். ஒரு வருஷம்கூட வரவில்லை.

இப்போது பேத்தி பன்னிரண்டாம் வகுப்பு. போன மாசம் ‘பிரவுன் ரிங் டெஸ்ட் தெரியுமா ஆச்சி?’ என்று யூடியூபில் போட்டுக் காட்டினாள். பெரிய டி.வி., அத்தனை துல்லியம், வளையத்தின் விளிம்புகூடத் தெரிந்தது. நாற்றம் இல்லை. காதோரம் யாருடைய மூச்சும் இல்லை. “என்ன ஆச்சி, பேசாம இருக்கீங்க?” என்றாள். நல்லாருக்கு மக்கா என்றேன்.

1994-ல், அப்பாவின் பதினாறாம் நாள் முடிந்த மறுநாள் கடையை ஒழித்தோம். தங்கைகளுக்குக் கல்யாணம் ஆகி அவர்களும் போய்விட்டிருந்தார்கள், கடையை நடத்த ஆள் இல்லை. வெடியுப்பு ஜாடியில் அடியில் கட்டிதட்டிப்போய்க் கொஞ்சம் இருந்தது. கல்லாப்பெட்டியை வீட்டுக்குத் தூக்கிவந்து கூடத்தில் வைத்துக் காலி செய்தேன். செல்லாத காசுகள், சிட்டைகள், ஒரு பழைய சாவி. அடித்தட்டுக்கும் கீழே, பிளாஸ்டிக் உறையில், நாலாக மடித்த ஒரு தாள்.

கேரளப் பல்கலைக்கழகம். பிரீ டிகிரி பரீட்சை, ஏப்ரல் 1977. ஹால் டிக்கெட். என் பெயர். டிசம்பரில் நான் பரீட்சைக் கட்டணம் கட்டியது எனக்கே மறந்துபோயிருந்தது.

அம்மை என் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தாள். அவளுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னாள்: “நீ போயி ரெண்டு மாசம் இருக்கும். பங்குனியில ஒருநாள் உச்சிக்கே கடையச் சாத்திட்டு எங்கயோ போனாரு. எங்கன்னு கேட்டேன், வழுதக்காட்டுக்குன்னாரு. திரும்பி வந்து ரெண்டு நாள் யாருகிட்டயும் ஒண்ணும் பேசல.”

மடிப்பில் எல்லாம் கிழியத் தொடங்கிய தாள். வசம்பு வாசம். பாடங்கள், தேதிகள், கெமிஸ்ட்ரி பிராக்டிகல். கீழே ஒரு கோடு, பரீட்சை எழுதுகிறவர் கையெழுத்துப் போடவேண்டிய இடம், காலியாக. ஃபேன் காற்றில் என் கையில் அது படபடவென்று அடித்துக்கொண்டது.

அம்மை எழுந்துபோய் ஃபேனை நிறுத்தினாள்.